வரேன் என்றால் போகிறேன்

செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சளி பிடித்திருக்கிறது, அதையும் சுகத்திலேயே சேர்த்துக்கொள். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் கேட்டதாகச் சொல்லாதே. நீயாகக் கேட்பது போலக் கேட்டு எழுது.

போனில் பேசினால் நம் வீட்டின் இரண்டு அறைக்கும் கேட்கும், அதனால் எழுது என்று நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. எழுதும்போது குறுக்கே பேச ஆளில்லை. படிப்பு தொடங்கிவிட்டது. தண்ணீரைச் சுத்தம் செய்யப் படிக்க வந்தவளுக்கு முதல் மூன்று வாரமும் சாக்கடையைப் பற்றியே பாடம்.

என் அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரர் தினமும் "நாளைக்கு" என்கிறார். பக்கத்துத் தெருவில் துணி வெளுக்கும் கடை ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே ஊர் நூலகத்தின் கூடம் ஒன்று. கீழே பெரிய மெஷின்கள் ஓடுவதால் கூடத்தின் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். போன சனிக்கிழமை புத்தகத்தோடு அங்கே போய் உட்கார்ந்தேன். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த நூலகக்கார அம்மா, நான் பேசும் மொழி எது என்று கேட்டார். சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

நம் மொழிக்காரர்களின் பிள்ளைகள் பதினோரு பேர் சனிக்கிழமை காலையில் அங்கே தமிழ் படிக்க வருகிறார்கள். சொல்லிக்கொடுத்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். சம்பளம் கிடையாது. ஒரே ஒரு வாரம் என்று ஒத்துக்கொண்டேன். குளிருக்காகத்தான் அக்கா, வேறொன்றும் இல்லை.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். டீச்சர் வேலை எனக்கு ஆகாது என்று சண்டை போட்டுவிட்டு வந்தவள் நான். தெரிந்தால் என்ன சொல்வாள் என்று எனக்கு இங்கிருந்தே கேட்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

---

அக்டோபர் 9

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மாடிப்படி ஏறும்போது வலிக்கிறது, இறங்கும்போது அதைவிட வலிக்கிறது. நானாகத்தான் கேட்டேன். "எதுக்கு இந்தப் புது அக்கறை?" என்றாள்.

உன் கடிதத்தை மருந்துக்கடை வேலைக்கு நடுவில் படித்தேன். சிரித்த சிரிப்பில் மருந்து வாங்க வந்தவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருஷமாக ஆயா வேலை பார்க்கிற அம்மா, அங்கே ஒரு டீச்சர் இடம் காலியானதும் உனக்காகப் பெரிய டீச்சர் வீட்டுக்கு நடையாய் நடந்தாள். நீ "பிள்ளைங்களோட மல்லுக்கட்ட என்னால ஆகாது" என்று விமானம் ஏறினாய். ஏறிப் போய் அங்கே சும்மா மல்லுக்கட்டுகிறாய். பெண்டாட்டியோடு பேச மாட்டேன் என்றவன் அவள் வீட்டுத் திண்டாட்டத்துக்கு முதல் ஆளாக ஓடின கதைதான்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த வேலையை நீ வேண்டாம் என்றது அம்மாவுக்கு ஆறிவிட்டது. ஆறாதது வேறு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று "நான் போறேன்" என்றாயே, அதுதான். அவள் வாயில் "போயிட்டு வா" தயாராக இருந்தது. நீ "வரேன்" என்று சொல்லியிருந்தால் தானாக வந்திருக்கும். "போறேன்" என்றவளிடம் அதை எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள். உன் விஷயத்தில் இன்னும் முனகலோடு சரி. நேற்றுக்கூட முனகினாள்: "பால்காரன்கூட 'வரேம்மா'ன்னுட்டுத்தான் சைக்கிளை மிதிக்கிறான். நான் பெத்தது போறேன்னுட்டுப் போயிருக்கு."

உன் கடிதங்களைத் தையல் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். அங்கே நூல்கண்டைத் தவிர அம்மா எதையும் தேட மாட்டாள்.

சளிக்கு வெந்நீர் குடி.

அக்கா

---

அக்டோபர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. அதற்குப் பதில் தொண்டை கட்டியிருக்கிறது, காரணம் பதினோரு பேர். உங்கள் இருவர் நலத்தையும் எழுது.

"போறேன்" பற்றி எழுதியிருந்தாய். அதற்கு இப்போது பதில் எழுத வரவில்லை. வகுப்பைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு வாரம் என்றது ஆறு வாரமாகிவிட்டது. பெரிய பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு ஆறு. திட்டினால் எல்லாருக்கும் தமிழ் புரிகிறது. மற்றபடி இந்த ஊர் மொழியில்தான் பதில் வருகிறது. முதல் நாள் பலகையில் அ முதல் ஔ வரை அழகாக எழுதித் திரும்பினேன். இரண்டு பேர் மேஜைக்கு அடியில் இருந்தார்கள். ஒருத்தி தூங்கிவிட்டாள். தரை அவ்வளவு கதகதப்பு, அவளையும் குறை சொல்ல முடியாது. கீழே மெஷின் துணி பிழியத் தொடங்கினால் கூடமே நடுங்கும். நான் பதறினேன், பிள்ளைகள் பதறவில்லை. பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்து, நடுக்கம் நின்றதும் விட்ட இடத்தில் எழுதினார்கள்.

ஏழு வயதுப் பெண் ஒருத்தி. "ஏன்?" என்பதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்த தமிழ். நான் அவளுக்கு 'ஏன்' என்றே பெயர் வைத்துவிட்டேன். காகம் என்று எழுதிக் காட்டினேன். முதல் க ஒரு மாதிரி, இரண்டாவது க வேறு மாதிரி ஒலிக்கிறது, எழுத்து மட்டும் ஒன்று, ஏன்? என்றாள். இருபத்துநாலு வருஷமாக நான் இதைக் கேட்டதே இல்லை. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை. அப்பா கப்பலில் சமையல்காரர்.

உண்மையைச் சொன்னால், எனக்கு இது வரவில்லை. வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னது சரிதான். டிசம்பரோடு நின்றுவிடுவேன்.

அம்மாவின் முழங்காலுக்கு மருந்து உன் கடையிலேயே இருக்குமே, கொடு.

உன் தங்கை

---

நவம்பர் 16

அன்புத் தங்கைக்கு,

நலம். அம்மாவுக்குத் தைலம் கொடுத்தேன். தேய்த்துக்கொண்டு, நாற்றம் பிடிக்கவில்லை என்று என்னைத் திட்டினாள். ஆகவே அவளும் நலம்.

கடையில் வேலை அதிகம், நீளமாக எழுத முடியவில்லை. ஒரு வாரத்துக்கும் ஆறு வாரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளைக் கணக்கு டீச்சராகப் போடாமல் விட்டார்களே, அந்த மட்டும் புண்ணியம்.

அந்தப் பிள்ளைகள் காலில் உறை போட்டிருக்கிறார்களா? தரை சூடு என்று வெறுங்காலோடு இருந்துவிட்டுக் குளிரில் இறங்கினால் உடம்புக்கு ஆகாது. அப்புறம், அந்த ஏன் பெண்ணைக் கூட்டிப்போக யார் வருகிறார்கள்? நேரத்துக்கு வருகிறார்களா? ஓயாமல் கேள்வி கேட்கிற பிள்ளை ஒரு கண்ணை வாசலிலேயே வைத்திருக்கும். சும்மா கேட்டேன்.

டிசம்பரோடு நிற்கிறாயா? உன் இஷ்டம்.

அக்கா

---

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசுதான் சரியில்லை. உங்கள் நலம் எழுது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் வகுப்பு முடிந்ததும், வழக்கமாக இந்த ஊர் மொழியில் விடைபெறுகிறவள் அன்று அவசரத்தில் "சரி பசங்களா, நான் வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அன்று மதியம் எனக்குத் தேர்வு. போனை அணைத்துவிட்டேன். பிள்ளைகளை அவரவர் வீட்டிலிருந்து வந்து கூட்டிப்போனார்கள். 'ஏன்' மட்டும் போகவில்லை. அவள் அம்மா வந்து கூப்பிட்டும் படிக்கட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். "மிஸ் வரேன்னு சொன்னாங்க. வருவாங்க."

ஒரு மணி நேரம், அக்கா. கூடத்துக்குள்தான் சூடு, படிக்கட்டில் பனிக்காற்று அடிக்கும். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேலைக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் அழ அழத் தூக்கிக்கொண்டு போனாராம்.

குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வராத ஆசிரியை என்று கூடத்துப் பொறுப்பாளர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். "எங்கள் மொழியில் 'வருகிறேன்' என்றால் 'போகிறேன்' என்று அர்த்தம்" என்றேன். ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படியானால் நிஜமாகவே வரும்போது என்ன சொல்வீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். "அதற்கும் 'வருகிறேன்'தான்" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் முடிவு சொல்வார்களாம். நிற்கலாம் என்று இருந்தவளுக்கு, நிறுத்திவிடுவார்களோ என்று இப்போது நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இது என்ன புத்தி என்று எனக்கே தெரியவில்லை.

மறு சனிக்கிழமை 'ஏன்' பக்கத்தில் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். "வரேன்னா, இப்போ போறேன், திரும்பி வருவேன்னு அர்த்தம்மா" என்றேன்.

"அதை மொத்தமா ஏன் சொல்றதில்ல?"

"சொல்ல வேண்டாம். எல்லாருக்கும் தெரியும்."

யோசித்தாள். "எங்கப்பாவும் கப்பலுக்குப் போறப்ப வரேன்னுதான் சொன்னாரு. நான் அன்னைக்கு ஜன்னல்லயே நின்னேன். அப்போ அவர் வருவாரா?"

"வருவார்."

"யாராவது வரேன்னு சொல்லாம, போறேன்னு சொல்வாங்களா?"

கீழே மெஷின் பிழியத் தொடங்கியது. எல்லாரும் பென்சிலைத் தூக்கினார்கள். நடுக்கம் நிற்கும் வரை எனக்கும் அவகாசம் கிடைத்தது. "அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

குழந்தையிடம் பொய் சொல்லிவிட்டேன், அக்கா.

உன் தங்கை

---

ஜனவரி 24

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறோம். பதில் தாமதமானதற்குக் காரணம், உன் கடிதம் காணாமல் போனது. டிராயரில் வைத்ததை மூன்று வாரம் தேடினேன். நேற்று அம்மாவின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தேன். உள்ளே, நாலாய் மடித்து, மடிப்பெல்லாம் நைந்து, உன் கடிதம். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

முந்தைய கடிதங்களையும் டிராயரிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறாள் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. போன கடிதத்தில் கால் உறையைப் பற்றிக் கேட்டிருந்தேனே, அது நான் இல்லை. சோறு போடும்போது அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு, "குளிர் ஊர்ல பிள்ளைங்க கால்ல என்னத்தப் போடும்?" என்றாள். இன்னொரு நாள், "ஓயாம கேள்வி கேக்குற பிள்ளைக்கு ஒரு கண்ணு வாசல்லயே இருக்கும்" என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தேன். நல்ல வரியாக இருக்கிறதே என்று உனக்கு எழுதிவிட்டேன். என்னை மடச்சி என்று சொல்லலாம், அனுமதிக்கிறேன்.

இன்று காலையில் தலை வாரிக்கொண்டே சொன்னாள்: "சம்பளத்துக்குச் செய்ய மாட்டேன்னவ சும்மா செய்யறாளாம்." யார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் கோபமாகச் சொல்லவில்லை.

வகுப்பு என்ன ஆயிற்று? சீக்கிரம் எழுது. கேட்பது நான் மட்டும் இல்லை.

அக்கா

---

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஹீட்டரும் நலம், வீட்டுக்காரரின் 'நாளைக்கு' ஒருவழியாக வந்துவிட்டது. ஆகவே இனிமேல் குளிருக்காகத்தான் கூடத்துக்குப் போகிறேன் என்று சொல்ல முடியாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். ஆய்வுக்கூடத்தில் இருந்தேன், குளோரின் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்விகள் உன்னுடையவை இல்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நாம் சின்னவர்களாக இருந்தபோது என் காலுறையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டவள் நீ.

வகுப்பு நிற்கவில்லை. பொறுப்பாளர்கள் கூட்டத்துக்கு ஏனின் அம்மா ஆஸ்பத்திரிச் சீருடையோடே வந்தார். "தப்பு டீச்சர் மேல இல்லைங்க. 'வரேன்'னா என்னன்னு வீட்ல நாங்க சொல்லித் தந்திருக்கணும். அதுக்குத்தான் டீச்சர் வேணும்" என்றார். படபடப்பில் தமிழிலேயே சொல்லிவிட்டார், பொறுப்பாளர்களுக்கு அதை நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னதை நானே பெயர்த்துச் சொல்ல வெட்கமாகப் போயிற்று. பாதியை விழுங்கிவிட்டேன்.

பலகையில் எழுதுவதைக் குறைத்துவிட்டேன். தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோம், அப்புறம்தான் எழுத்து. ஏனுக்கு வாசல் தெரிகிற இடம். எல்லாரும் காலுறை போட்டிருக்கிறார்கள், எண்ணிப் பார்த்துவிட்டேன், இருபத்திரண்டும் இருக்கிறது.

முடியும்போது ஒவ்வொருவராக என் முன்னால் வந்து "வரேன் மிஸ்" என்று சொல்ல வேண்டும். நான் "போயிட்டு வா" என்பேன். பதினோரு தடவை சொல்கிறேன். எனக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் இருந்தாள், நான்தான் வாயை அடைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது. நீ சொல்லேன்.

உன் தங்கை

---

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நலம், நலம், நலம். முழங்காலும் நலம்.

நான் சொல்ல மாட்டேன். உன் வாயால் போனது, உன் கையால்தான் வர வேண்டும். உறையின் மேல் அவள் பெயரைப் போட்டு எழுது. டிராயரில் திருடிப் படித்தது போதும், பாவம், அவளுக்கும் வயதாகிறது.

அக்கா

---

ஏப்ரல் 8

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை நானே கேட்கிறேன்.

உனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதனால் முன்கதையை விட்டுவிடுகிறேன். போன சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஏனின் அப்பா வந்திருந்தார். பத்து நாள் லீவு. கப்பல் சமையல்காரர் என்றதும் பெரிய ஆளாக நினைத்திருந்தேன், மெலிந்த மனிதர், கூச்சப்படுகிறவர். மகளைக் கூட்டிப்போக அரை மணி முன்னாலேயே வந்து, காலணியைக் கழற்றிவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். மெஷின் பிழிந்தபோது அவர் மட்டும் அசையவே இல்லை. 'ஏன்' அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், அன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மறுநாள் அவர் கப்பலுக்குத் திரும்ப வேண்டும்.

வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் வரிசையில் வந்து சொன்னார்கள். கடைசியில் அவரும் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வரிசையில் நின்றார். "நாளைக்குக் கிளம்பறேங்க. வரேன்" என்றார். மகள் அழுவாள் என்று பயந்து அவளைப் பார்க்காமல் சொன்னார்.

அவள் அழவில்லை, அம்மா. எல்லாருக்கும் கேட்கும்படி, சட்டம் சொல்வது போலச் சொன்னாள்: "அப்பா வரேன்னு சொல்லிட்டாரு. அதனால போகலாம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பலகையைத் துடைத்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வரேன் என்று சொல்லிவிட்டால் போகலாம். இவ்வளவுதான் விஷயம், ஏழு வயதுக்குப் புரிந்திருக்கிறது. எனக்கு இருபத்துநாலு வயதில், பெட்டியோடு நின்றபோது புரியவில்லை. உன்னை நோகடிக்க வேண்டும் என்றுதான் அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தேன். தெரியாமல் வாய் தவறி வந்தது என்று எழுதத்தான் மூன்று தடவை முயன்றேன். அது பொய், அதனால் எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்.

ஏழு மாதம் கழித்துச் சொல்கிறேன். அம்மா, போயிட்டு வரேன்.

சின்னவள்

---

ஏப்ரல் 27

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம். அம்மா உறையை வாங்கினாள், பெயரைப் பார்த்தாள், இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஐந்து நாளாக ஒரு வார்த்தை இல்லை. நேற்று, "உன் பேனா எழுதுதா?" என்று கேட்டாள். கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை. கடையில் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

---

மே 6

சின்னவளுக்கு அம்மா எழுதுவது.

முழங்கால் பரவாயில்லை. இனி உன் அக்காவை விட்டுக் கேட்க வேண்டாம். நேராகக் கேள்.

நீ வேண்டாம் என்ற இடத்துக்கு ஒரு பெண் வந்துவிட்டது. நல்ல மாதிரி. அதன் வகுப்பிலும் இரண்டு பிள்ளை மேஜைக்கு அடியில்தான் இருக்கிறது. முதல் வருஷம் எல்லாருக்கும் அப்படித்தான் என்று நான் அதனிடம் சொன்னேன். எங்கள் வீட்டிலும் ஒருத்திக்கு அப்படி இருந்தது, இப்போது இல்லை என்று சொன்னேன். உன் கடிதத்தைப் பெரிய டீச்சரிடம் படித்துக் காட்டினேன். காகத்துக்கு ஏன் என்று அவருக்கும் உடனே சொல்ல வரவில்லை.

கடிதத்தை நான் திருடவில்லை. நூல்கண்டு தேடினேன், கிடைத்தது. வீட்டில் வைத்துப் படித்தால் பெரியவள் முகத்தையே பார்ப்பாள், அதனால் கொண்டுபோனேன்.

அந்தக் குழந்தையிடம் பொய் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். போறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று. அது பொய்யாக இருக்க வேண்டாம். நீ அன்றைக்குச் சொன்னது என் காதில் விழவில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

படிப்பு முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளைகளை விடாதே. நடுவில் விட்டால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். முடித்துவிட்டு வரும்போது, போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுவேன் என்று அந்த ஏன் பெண்ணிடம் சொல்லிவிட்டு வா. சொன்னால் போடு.

அன்றைக்கு வாயில் வைத்திருந்ததை இன்னும் கீழே வைக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

போயிட்டு வா.

அம்மா